ஒரு மணி அக்காவும் சுவரில் இருந்த ஓட்டையும்

என் கூடப்பிறந்த அக்காவை எங்கள் மெத்தைத் தொழிற்சாலையில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ஒரு மணி அக்கா' என்பார்கள். பஞ்சு கிடக்கிற இடத்தில் வெல்டிங்கோ கேஸ் கட்டிங்கோ நடந்தால், வேலை முடிந்த பிறகும் ஒருவர் ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்த ஒருவர் அக்காதான். ஒரு ஸ்டூல், இரண்டு வாளித் தண்ணீர், அவ்வளவுதான் அவள் தளவாடம். "உட்கார்ந்த இடத்துல சம்பளம், கொடுத்து வச்சவங்க" என்று தையல் பிரிவில் கேலி செய்வார்கள். "நீ வந்து ஒரு மணி நேரம் வாயை மூடிட்டு உட்காரு, பார்க்கலாம்" என்பாள் அக்கா. இதுவரை ஒருத்தியும் வந்ததில்லை.

அவளும் முன்பு தையல்காரிதான். பதினொரு வருஷம் மெத்தை ஓரம் தைத்தாள். கழுத்து பிடித்துக்கொண்டு குனிய முடியாமல் போனதும் இந்த வேலைக்கு மாற்றினார்கள். எதையும் ஏனோதானோவென்று செய்யத் தெரியாத பிறவி. ஸ்டூலில் உட்கார்ந்தால் போனை எடுக்க மாட்டாள். டீ குடித்தால் எழுந்து போக வேண்டிவரும் என்று அதையும் தொட மாட்டாள். வீட்டில் அடுப்பை அணைத்த பிறகும் அதையே முறைத்துக்கொண்டு நிற்பாள். "என்னை ஒரு நாளாவது இப்படிப் பார்த்திருக்கியா?" என்று கேட்பார் பஸ் ஓட்டுகிற மாமா. "நீங்க பத்திக்க மாட்டீங்க" என்பாள்.

நான் அங்கே வெல்டர். வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். ஆனால் பொறியைப் பற்றி என்னைவிட அவளுக்குத்தான் அதிகம் தெரியும். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள், இங்கே அது செல்லாது. பளபளவென்று பறக்கிற தூள்பொறி பஞ்சைத் தொடுவதற்குள் ஆறிவிடும். மிளகளவு உருண்டையாக விழுகிற இரும்புத்துளிதான் ஆபத்து. வெளியே கறுத்துப்போய் சாதுவாகத் தெரியும், உள்ளே சூடு அப்படியே இருக்கும். உருண்டுபோய்ப் பஞ்சுக்குள் புதைந்துகொண்டு, கண்ணுக்குத் தெரியாமல் கனிந்துகொண்டே இருக்கும். அரை மணி, முக்கால் மணி கழித்துத்தான் தீ எழும்பும். அந்த ஒரு மணிக் கணக்கு அதனால் வந்தது.

ஒரு நாள் காலை பஞ்சு அடிக்கிற அறையில் பழைய குழாய் ஒன்றை அறுத்தேன். இயந்திரத்துக்குப் பின்னால், சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்துக் கிடங்குக்குப் போகிற குழாய். அதைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு ஓட்டை; ஸ்டூலில் இருந்து பார்த்தால் தெரியாது. அறுக்கும் முன் அதில் ஈரச்சாக்கைத் திணிக்க வேண்டியது வெல்டரின் பொறுப்பு. எனக்குச் சாக்கு எடுத்துவரச் சோம்பல். ஐந்து நிமிஷ வேலைதானே என்று அறுத்துவிட்டேன். அக்கா ஸ்டூலைப் போடும்போது கேட்டாள்: "ஓட்டையை அடைச்சியாடா?"

"அடைச்சாச்சுக்கா."

அவள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் கிடங்கு பற்றிக்கொண்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முப்பது மெத்தை கரியாயின. மேனேஜர் அக்காவைத்தான் பிடித்தார். "ஒரு மணி ஆகறதுக்கு முன்னாடியே தரையைக் கூட்டி, சூட்டோட குப்பையைக் கிடங்குல கொட்டிட்டு எழுந்து போயிருப்பீங்க. இல்லேன்னா சுவரைத் தாண்டி எப்படிங்க போகும்?" வேலைக்கு வர வேண்டாம், விசாரித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார். 'ஒரு மணி அக்கா அரை மணி அக்கா ஆயிட்டாங்க' என்று மறுநாளே சாப்பாட்டு அறையில் சிரித்தார்கள். நான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டுக் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால் என் வெல்டர் வேலை போய்விடும் என்ற பயம். சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். எல்லாம் பேசினாள், ஓட்டையைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. மாமாவிடமும் சொல்லியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் அவளே மேனேஜரிடம் வந்து நின்றாள். "சார், அதே குழாயை இன்னொரு தடவை அறுக்கச் சொல்லுங்க. அந்தப் பக்கம் ஒரு தட்டுல பஞ்சு வைங்க. நானும் பார்க்கறேன், நீங்களும் பாருங்க."

ஓட்டையை அடைக்காமல் மிச்சமிருந்த துண்டை நானே அறுத்தேன். நாலைந்து துளிகள் ஓட்டை வழியாக உருண்டு போய்த் தட்டில் விழுந்தன. பத்து நிமிஷம் ஒன்றும் இல்லை. இருபதாவது நிமிஷம் மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், யாரோ கொட்டாவி விட்டார்கள். அக்கா அசையவில்லை. நாற்பதாவது நிமிஷம் பஞ்சின் நடுவில் ஒரு பழுப்புப் புள்ளி விரிந்தது. கொஞ்சம் புகை. பிறகு குப்பென்று தீ. அக்கா ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி அணைத்தாள்.

மேனேஜர் அவளிடம் கேட்டார்: "அப்போ அன்னிக்கு அந்த ஓட்டை அடைக்கலையா?"

"அதை அறுத்தவன்தான் சார் சொல்லணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அடைக்கல சார். அக்கா கேட்டாங்க. அடைச்சாச்சுன்னு நான்தான் பொய் சொன்னேன்."

அன்றே என் கையிலிருந்து வெல்டிங்கைப் பிடுங்கி லாரிக்கு மெத்தை ஏற்றுகிற வேலையில் போட்டார்கள். எப்போது திரும்பக் கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அக்கா மறுபடி ஸ்டூலுக்குப் போனாள். வேலை முடிந்து கேட்டருகே நின்றிருந்தவளிடம் போய், "உனக்கு முதல் நாளே தெரியுமாக்கா?" என்று கேட்டேன்.

"தீ பிடிச்ச அன்னிக்கே போய்ப் பார்த்தேன். ஓட்டைல சாக்கு இல்ல" என்றாள். "அப்புறம் ரெண்டு நாளா உன் வாயையேதான்டா பார்த்துட்டிருந்தேன்."