எங்கள் வீட்டு மோட்டார் எரிந்துபோன வாரம்

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். தோல் பதனிடும் கம்பெனி ஒன்றில், பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. எதையும் எண் போட்டு எழுதித்தான் பழக்கம்.

1. தை மாதத்தில் அம்மாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பிறகு படுத்தாலே வாங்கியது.
2. வேலூரில் பார்த்தோம். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள்.
3. உடம்பில் தேங்கியிருக்கும் நீர் வடிந்தால்தான் அறுவை சிகிச்சை என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள்.
4. உப்பை அடியோடு நிறுத்தினோம். வீக்கம் வடியவில்லை.
5. அம்மா சாப்பாட்டை நிறுத்தினார்.
6. நான் ஜெபித்தேன். சபையாரும் எங்களுக்காக ஜெபித்தார்கள்.
7. எங்கள் போர் மோட்டார் எரிந்துபோனது.

ஏழாவதாக எழுதியிருப்பதுதான் பதில். அது பதில் என்று தெரியாமல் நான் ஆண்டவரிடம் கோபித்துக்கொண்டேன். உங்களிடம் சொல்ல வந்தது அதைத்தான்.

எங்கள் வீடு ஆம்பூரில். அப்பா இந்த ஊர்க்காரர், ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். அம்மா திருநெல்வேலிச் சீமையிலிருந்து கல்யாணமாகி வந்தவர். வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் பேச்சும் மாறவில்லை, சமையலும் மாறவில்லை. பிரியாணி ஊரில் தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சித் துவையலும் தின்று வளர்ந்தவள் நான். ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போதே தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டால்தான் அது ஞாயிறு. பக்கத்து வீட்டு ஷாஹிதா அக்கா பிரியாணி கொடுத்தனுப்புவார். போன கிண்ணம் சொதியோடு திரும்பி வரும்.

அம்மா படுத்த பிறகு சமையல் என் கைக்கு வந்தது. எனக்குக் காய் நறுக்கத் தெரியும், சோறு வடிக்கத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் அளவு தெரியும். உப்பு டப்பாவைப் பரணில் ஏற்றினேன். அப்பளம், கருவாடு, ஊறுகாய் எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அம்மாவுக்குத் தனியாகச் சமைக்காமல் மூன்று பேருக்கும் உப்பில்லாமலே சமைத்தேன்.

அம்மா அதைப் பார்த்துவிட்டு ஷாஹிதா அக்காவிடம் சொன்னார். "பாத்தியாம்மா, ஊறுகாயப் பீரோவுல வச்சுப் பூட்டியிருக்கா. தங்கச் சங்கிலி வெளிய ஆணியில தொங்குது."

"உப்பு தின்னா உங்களுக்கு ஆவாதுன்னுதானே ஆன்ட்டி."

"தின்னாம இருந்தா மட்டும் ஆவுதாக்கும்?"

அம்மா கேட்டது நியாயம்தான். தினமும் காலையில் எடை பார்த்து எழுதச் சொல்லியிருந்தார்கள். எடை இறங்கவில்லை. பாதத்தில் விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தால்தான் தூங்க முடிந்தது. அடுத்த முறை வேலூருக்குப் போனபோது டாக்டரம்மா மாத்திரையை ஏற்றினார். அதற்கு அடுத்த முறை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சாப்பாட்டுல எங்கேயோ உப்பு போகுது. கோவிச்சுக்காதீங்க, வீட்டுல நல்லா விசாரிச்சுப் பாருங்க. இதே மாதிரி நீர் ஏறிக்கிட்டே போனா ஆபரேஷன் டேபிள்ல ஏத்த முடியாது. ரொம்ப நாள் தள்ளவும் முடியாது."

வீட்டுக்கு வந்து விசாரித்தேன். அம்மாவிடம் கேட்க வாய் வரவில்லை. ஷாஹிதா அக்காவிடம் கேட்டேன்.

"அல்லா மேல ஆணையா ஒரு வாய் குடுத்ததில்ல. நம்ம வூட்டு பிரியாணி டப்பாவ உங்க வாசப்படி தாண்டவே வுடலம்மா. போய் உங்க அப்பாவக் கேளு."

அப்பா சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். "நான் இன்னா உப்புப் பொட்டலம் கடத்தறேனா?"

அம்மா எல்லாவற்றையும் கட்டிலில் இருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். அன்று மத்தியானம் தட்டைத் தள்ளி வைத்தார். மறுநாளும் இரண்டு வாய்க்கு மேல் உண்ணவில்லை.

"ஏட்டி, இங்கன வா. சண்ட போடல, சொல்லுதேன். இந்தச் சக்கையத் தின்னு இன்னும் எத்தன நாள் இருக்கணும்? ஒரே ஒரு நாள் ஒழுங்கா ஒரு சொதி வச்சுக் குடு. அதுக்கப்புறம் கர்த்தர் கூப்பிட்டாப் போறேன்."

எதற்கும் சிரிக்கிற மனுஷி, அன்று சிரிக்காமல் சொன்னார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. சாப்பிடாவிட்டால் உடம்பு தாங்காது. சாப்பிட்டால் நீர் ஏறுகிறது. இரண்டுக்கும் நடுவில் நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் அப்போது நடந்துகொண்டிருந்தன. சபையின் பெண்கள் ஜெபக் கூடுகையில் அம்மாவின் பெயரைச் சொல்லி ஜெபிக்கக் கேட்டேன். அவர்கள் உபவாசம் இருந்து ஜெபித்தார்கள். நானும் தினமும் காலையில் குக்கர் வைத்துவிட்டு, அது விசில் அடிக்கும்வரை அடுப்பங்கரையில் முழங்கால் போட்டேன். என் ஜெபம் அழகாக இருந்ததில்லை. "ஆண்டவரே, வீக்கம் வடியணும். அம்மா சாப்பிடணும். என் கைக்கு எட்டின வரைக்கும் எல்லாம் செஞ்சுட்டேன். நான் எதைப் பார்க்காம விட்டேன்னு நீங்க காட்டணும்." இந்த மூன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அம்மாவும் கட்டிலில் இருந்து சத்தமாக ஜெபிப்பார்: "ஆண்டவரே, எம்பிள்ளைக்குச் சமையலக் கத்துக்குடும்."

அந்த வாரத்தில்தான் மோட்டார் எரிந்தது. சுவிட்சைப் போட்டதும் ஒரு உறுமல், ஒரு புகை நாற்றம், அவ்வளவுதான். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார்.

"இன்னா நேரமோ நமக்கு. இதுவும் போய்டுச்சு."

போரிலிருந்து மோட்டாரை மேலே தூக்க ஆள் வர வேண்டும், எரிந்த காயிலைப் புதிதாகச் சுற்றிக் கட்ட வேண்டும். கடைக்காரர் நாளைக்கு நாளைக்கு என்றே நாளை ஓட்டினார். அன்று காலை ஜெபத்தில் நான் ஆண்டவரிடம் நேராகவே கேட்டேன். "நான் என்ன கேட்டேன், நீங்க என்ன செய்யறீங்க?"

ஷாஹிதா அக்கா வீட்டிலிருந்து சுவருக்கு மேல் ரப்பர் ஓஸ் போட்டுத் தண்ணீர் விட்டார்கள். "பேஜார் ஆவாத. துணி, குளியல், பாத்திரம் எல்லாத்துக்கும் புடிச்சுக்க." பிடித்துக்கொண்டோம். ஆனால் அந்த ஓஸ் புதியது. அதில் வந்த தண்ணீரில் உலை வைத்தால் சோறே ரப்பர் வாடை அடித்தது. அதனால் குடிக்க வாங்குகிற கேன் தண்ணீரையே சமையலுக்கும் எடுத்தோம்.

முதல் நாளே அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"என்னட்டி இது? இருந்த கொஞ்ச ருசியையும் எடுத்துட்டியே. இன்னைக்குச் சோத்துல என்னத்தக் கொறச்ச?"

"ஒண்ணும் குறைக்கலம்மா. நேத்து செஞ்ச மாதிரிதான்."

"பொய் சொல்லாத. நேத்து கருமமா இருந்துச்சு. இன்னைக்கு அதுவும் இல்ல."

அம்மாவுக்கு நாக்கும் மரத்துப்போய்விட்டதோ என்று கவலைப்பட்டேன். ஆனால் வாரம் முடிவதற்குள் எடை இறங்க ஆரம்பித்தது. முதலில் எடை மெஷினை நம்பவில்லை. அரிசி மூட்டையை வைத்துச் சரிபார்த்தேன். அடுத்த நாள் இன்னும் இறங்கியது. பாதத்தில் குழி விழுவது குறைந்தது. அம்மா தானே எழுந்து அடுப்பங்கரை வாசல்வரை நடந்து வந்தார், என் சமையலைத் திட்டுவதற்காக.

மாத்திரை அதேதான். காய் அதேதான். அம்மா அதே அம்மாதான். எது மாறியது? எங்கள் வேலையில் ஒரு தோல் சரியாக வராவிட்டால் இந்தக் கேள்வியைத்தான் கேட்போம். கழுவிய பருப்பையும் நறுக்கிய கத்தரிக்காயையும் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மூலையில் இருந்த கேனைப் பார்த்தேன்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் போர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர். குழந்தைக்கும் தெரியும். அதனால்தான் குடிக்கக் கேன் வாங்குகிறோம். அதனால்தான் இங்கே உலைக்கும் பருப்புக்கும் உப்புப் போட மாட்டோம். தண்ணீரிலேயே இருக்கிறது என்று விட்டுவிடுவோம். அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் தன் ஊர்ப் பழக்கத்தில் பருப்புக்கு உப்புப் போட, அப்பாவின் அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "எம்மா, தண்ணியிலயே உப்பு கீது. நீ வேற ஜாஸ்தி பண்ணாத." அன்றிலிருந்து அம்மாவும் போட்டதில்லை. எங்கள் எல்லோர் மனதிலும் உப்பு என்றால் டப்பாவில் இருப்பது. டப்பாவை எடுத்து வைத்ததும் உப்பு நின்றுவிட்டது என்றே நினைத்தோம். அந்தத் தண்ணீரைத்தான் நான் கொதிக்க வைத்து, வற்ற வைத்து, குழம்பாக்கி, அக்கறையாக அம்மாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

குடத்தின் அடியில் மிச்சமிருந்த பழைய போர்த் தண்ணீரை ஒரு பாட்டிலிலும், கேன் தண்ணீரை இன்னொன்றிலும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். கம்பெனிக்கு வரும் தண்ணீரைப் பரிசோதிப்பது என் அன்றாட வேலை. வீட்டுத் தண்ணீரை ஒரு நாளும் கொண்டுபோனதில்லை. கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் பார்த்தேன், குளோரைடு பார்த்தேன். கூட வேலை செய்யும் மாலதி போர்த் தண்ணீரின் எண்ணை எட்டிப் பார்த்தாள்.

"இது எந்த டிரம்முல தோல் கழுவின தண்ணி? லேபிள் எழுதாமலே வெச்சிருக்க."

"எங்க வீட்டு அடுப்பங்கரை."

நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கஷ்டத்தில் அழவில்லை. "எதைப் பார்க்காம விட்டேன்னு காட்டுங்க" என்று கேட்டிருந்தேன். காட்டிவிட்டார். தண்ணீரை நிறுத்திக் காட்டிவிட்டார். வேறு எப்படிக் காட்டியிருந்தாலும் நான் பார்த்திருக்க மாட்டேன். அந்த ஓஸ் பழையதாக இருந்திருந்தால்கூட அக்கா வீட்டு அதே உப்புத் தண்ணீரில்தான் உலை கொதித்திருக்கும். எரிந்த மோட்டாரும் அவருடைய கையில் இருந்தது, புதிய ரப்பரும் அவருடைய கையில் இருந்தது. இதைத் தற்செயல் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நான் கேட்டதும், கிடைத்ததும் எனக்குத் தெரியும்.

டாக்டரம்மாவிடம் சோதனை முடிவைக் காட்டினேன். படித்துவிட்டு அம்மாவின் கோப்பில் குறித்துக்கொண்டார். "உங்க பக்கத்துலேர்ந்து வர்றவங்ககிட்ட இனிமே இதையும் கேக்கணும்" என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். இப்போது கணக்குத் தெரிந்துவிட்டதால், கேன் தண்ணீரில் சமைத்தால், நாளுக்கு ஒரு சிறிய அளவு உப்பைச் சாப்பாட்டின் மேலே தூவிக்கொள்ளலாம் என்று அனுமதித்தார். நாங்கள் அதைக் கேட்கவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா அடுப்பங்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எனக்குச் சொதி வைக்கச் சொல்லிக்கொடுத்தார். இரண்டாம் பாலில் காய் வேக வேண்டும். இஞ்சியும் பச்சை மிளகாயும் இடித்துச் சாறாக ஊற்ற வேண்டும். முதல் பாலை ஊற்றிய பிறகு கொதிக்க விடக்கூடாது. இறக்கி வைத்த பிறகுதான் எலுமிச்சம்பழம். "கொதிச்சாத் திரியும்ட்டி, எறக்கு, எறக்கு" என்று நாற்காலியில் இருந்தே பாதி எழுந்துவிட்டார். இஞ்சியும் எலுமிச்சையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தால் உப்பு குறைவது அவ்வளவாகத் தெரியவில்லை. அம்மா கையில் வாங்கி நக்கிப் பார்த்தார்.

"தப்பில்ல" என்றார். எங்கள் வீட்டில் அது பெரிய பாராட்டு. அன்று அம்மா இரண்டாம் தரம் சோறு கேட்டார். அப்பா தட்டைப் பார்த்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மோட்டார் பிறகு சரியாகி வந்தது. துவைக்கவும் குளிக்கவும் ஓடுகிறது. ஷாஹிதா அக்காவின் மாமியாருக்கும் ரத்த அழுத்தம் உண்டு. அவர்கள் வீட்டிலும் இப்போது உலைக்குக் கேன் தண்ணீர்தான்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது கேட்டு, காத்திருந்து, சலித்துப்போயிருக்கலாம். ஜெபித்த வாரத்திலேயே வீட்டில் ஏதாவது கெட்டுப்போயும் இருக்கலாம். உடைகிற எல்லாவற்றையும் பதில் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கோபம் வந்தால் அந்தக் கோபத்தையும் அவரிடமே கொண்டுபோங்கள். அவர் அதற்காக என்னைத் தள்ளிவிடவில்லை. எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும் என்று முன்பு வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அதை நம்பிக் காலையில் எழுந்திருக்கிறேன். நீங்களும் நம்பிப் பாருங்கள். கூடவே ஒன்று: எங்கள் பக்கத்தில் வைத்தியர் யாருக்காவது உப்பு கூடாது என்று சொல்லியிருந்தால், சமைக்கிற தண்ணீரைப் பற்றி அவரிடம் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு ஈஸ்டருக்குப் பிறகு வால்வு மாற்றினார்கள். காயம் ஆறிவிட்டது. ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். அதற்காக அவ்வப்போது ரத்தப் பரிசோதனைக்குப் போய்வருகிறோம். இன்னும் கனம் தூக்கக்கூடாது. மாடிப்படி நின்று நின்று ஏறுகிறார். போன வாரம் ஆட்டோவில் சபைக்கு வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆராதனை முடியும்வரை இருந்தார்.