சேறு காயும் முன்னே வெள்ளையடித்த தெரு

போன ஞாயிற்றுக்கிழமை வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. இந்த வாரமும் சிரித்துவிட்டுப் போகலாம் என்று இந்தப் பக்கத்தைத் திருப்பியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பாளையங்கோட்டையில் ஒரு விழா. வெளியூர் அறக்கட்டளை ஒன்று நடத்தியது. வெள்ளத்தில் மூழ்கி மீண்டெழுந்த தெருக்களில் சிறந்த தெருவுக்கு ஷீல்டு! ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள்... மூழ்கினவர்களுக்குள் ஒரு போட்டி. ‘ரெண்டு வார்த்தை வாழ்த்திப் பேசணும் சார்’ என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஜெயித்தது எனக்குத் தெரிந்த தெரு என்பதால் போனேன்.

ஆற்றுக்கும் ஓர் ஓடைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிற தெரு அது. ஜெபமணி அக்கா அங்கேதான் இருக்கிறார். என் மூத்த அக்காவோடு படித்தவர். வீட்டு முன்னறையில் இரண்டு தையல் மெஷின் போட்டு, பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறார். கணவர் செல்லத்துரை அத்தான் பக்கவாதம் வந்து படுக்கையோடு இருக்கிறார்.

அந்த டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு மறந்திருக்காது. ஆறு பொங்கி ஓடைக்குள் ஏறியது. ஓடையின் பக்கச்சுவர் உடைந்தது. தெருவில் நெஞ்சளவு தண்ணீர். எதிர்வீட்டு பீர் பாயும் அவருடைய இரண்டு மகன்களும்தான் அத்தானைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் வீட்டு மாடியில் வைத்தார்கள். உடைந்த சுவர் இன்றுவரை உடைந்துதான் கிடக்கிறது.

விழாவுக்கு வருகிறேன். சென்னையிலிருந்து ஒரு பேச்சாளர். பவர்பாயின்ட்டில் நாணல் படம் போட்டார். ‘பாருங்கள்! வெள்ளம் சாய்த்தது, நாணல் எழுந்துவிட்டது. பொருளாதாரமும் அப்படித்தான், சமுதாயமும் அப்படித்தான். இந்தத் தாமிரபரணி மண்ணிலேயே அந்த மீள்திறன் இருக்கிறது!’ ஹால் முழுக்கக் கைதட்டல்.

பிறகு தெருவின் சார்பில் அக்காவை மேடைக்குக் கூப்பிட்டு, ஷீல்டைக் கொடுத்து, மைக்கை நீட்டினார்கள்.

“ரொம்ப சந்தோசம். அந்த ஓடைச் சுவரை மட்டும் கட்டித் தரச் சொல்லுங்க. எங்க வீட்ல அவிய படுத்த படுக்கையா இருக்காவ. மறுபடியும் தண்ணி வந்தா என்ன செய்யன்னு தெரியல...”

அவ்வளவுதான் பேசினார். தொகுப்பாளர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். ‘ஆஹா... என்ன எளிமை! என்ன போராட்ட குணம்! ஒரு பலத்த கைதட்டல் கொடுங்கள்!’ கொடுத்தார்கள். அக்கா ஷீல்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, யாரைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் கீழே இறங்கினார்.

அடுத்தது என் முறை. கேட்டபடியே இரண்டே வார்த்தைதான் பேசினேன் – “சுவர் எங்கே?”

அதற்கும் கைதட்டினார்கள்.

சரி, சுவர் ஏன் வரவில்லை? அதைக் கேட்டால் உங்களுக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

வெள்ளம் வடிந்தபோது கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. வீட்டுக்கு வெள்ளையடிக்காமல் ஒரு கிறிஸ்துமஸா? அந்தத் தெருவில் அது நடக்கிற காரியமா? சேற்றை அள்ளின கையோடு பிரஷை எடுத்துவிட்டார்கள். சுவரில் தண்ணீர் நின்ற கறையின்மேல் இரண்டு கோட்டிங். பீர் பாய் வீட்டுச் சுவரையும் விட்டுவைக்கவில்லை. உடைந்த ஓடைச் சுவரில் மணல் மூட்டை அடுக்கி, மேலே சிமென்ட் பூசி, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று ஒரு நட்சத்திர விளக்கையும் தொங்கவிட்டார்கள்.

அப்போதுதான் சேதத்தைப் பார்வையிட அதிகாரிகள் வருகிறார்கள் என்று தகவல் வந்தது. ஊறிப்போன மெத்தையை வாசலில் எடுத்துப் போட வேண்டிய நேரம். நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? மெத்தையைக் கொல்லைப்புறத்தில் ஒளித்தார்கள். தெரு முழுக்கப் பினாயில் ஊற்றினார்கள். சர்ச்சிலிருந்து பிளாஸ்டிக் சேர் வந்தது. தட்டில் கேக், முறுக்கு.

‘ஏன்க்கா இப்படிச் செஞ்சீங்க?’ என்று பிற்பாடு கேட்டேன். “வாரவங்க மூக்கைப் பொத்திக்கிட்டு நிண்டா நமக்குத்தான தம்பி அசிங்கம்?” என்றார்.

வந்த அதிகாரி முறுக்கைக் கடித்துக்கொண்டே, ‘எல்லாரும் எப்படி இருக்கீங்க?’ என்று கேட்டிருக்கிறார். அக்கா, “கர்த்தர் கிருபையில நல்லாருக்கோம் சார்.” பீர் பாய், “அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையும் இல்ல.”

யார் நலம் விசாரித்தாலும் இங்கே அதுதான் பதில். ஆஸ்பத்திரிக் கட்டிலில் குளுகோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டு, ‘இங்கே பெரிதாகப் பாதிப்பில்லை, சுவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று வண்டி ஏறிப் போய்விட்டார்கள். அந்தப் ‘பிறகு’ இன்னும் வரவில்லை.

எனக்குத் தெருக்காரர்கள்மீது கோபம் இல்லை. ஈர வெள்ளைச் சுண்ணாம்பின் வாசம் மூக்கில் ஏறியும், அதன் அடியில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றாதவர்கள்மீதுதான் கோபம். மீள்திறனாம்! எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

யோசித்துப் பாருங்கள். மூழ்கின கடையை மறுநாளே கழுவித் திறக்கிற வியாபாரியைக் காட்டி, ‘சந்தை இயல்புக்குத் திரும்பிவிட்டது’ என்கிறார்கள். ஆறு தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் என்று சொல்லிக்கொண்டே ஊர்ச் சாக்கடையைத் திருப்பி விடுகிறார்கள். தாங்குகிறது என்று தெரிந்தால் போதும், இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றுவோம்... இதுதானே நடக்கிறது? கடைசியில் ஆற்றுக்கு ஓர் ஆரத்தி, தெருவுக்கு ஒரு ஷீல்டு. நாணல் எழுந்தது என்றாரே அந்தப் பேச்சாளர் – அடியில் மண் இருந்ததால்தான் ஐயா எழுந்தது. அந்த மண்ணையும் லாரியில் அள்ளிக்கொண்டு போனால் எதைப் பிடித்துக்கொண்டு எழும்?

ஞாயிற்றுக்கிழமை ஷீல்டு. செவ்வாய்க்கிழமை மழை. மணல் மூட்டை பிய்த்துக்கொண்டு போனது. தெருவில் மறுபடியும் தண்ணீர்.

பீர் பாயின் மகன்கள் இருவரும் இப்போது துபாயில். பாய்க்கோ வயதாகிவிட்டது. அவரும் அக்காவுமாக ஆளுக்கொரு பக்கம் பிடித்து அத்தானைத் தூக்கியிருக்கிறார்கள். பாதிப் படியில் பாயின் கை வழுக்கிவிட்டது. அத்தான் தோள்பட்டை படியில் மோதிவிட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வாய் திறந்து வலிக்கிறது என்று சொல்லக்கூட முடியாத மனிதர் அவர்.

புதன்கிழமை காலையில் நான் போனபோது தண்ணீர் வடிந்திருந்தது. தெரு முழுக்கச் சேறு. அத்தான் மாடியில் கண்ணை மூடிக் கிடந்தார், தோள் வீங்கியிருந்தது. கீழே பெண்கள் துடைப்பமும் வாளியுமாக இறங்கிவிட்டார்கள். நாளைக்கு அதிகாரிகள் வருகிறார்களாம்!

“யாரும் துடைப்பத்தைத் தொடக்கூடாது!” என்று கத்திவிட்டேன். நடுத்தெருவில் நின்று நான் கத்தினது அதுதான் முதல் தடவை.

பாய் திகைத்துப்போனார். “என்ன வே சொல்லுதீரு? சேத்தை அப்படியே போட்டு வைக்கவா? மனுசன் உள்ள வருவானா?”

“வரட்டும் பாய். அத்தானையும் வந்து பாக்கட்டும். எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, நல்லால்லன்னு சொல்லுங்க. உங்க கை வழுக்குனதைச் சொல்லுங்க.”

பாய் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார்.

“சரி தம்பி, நீ சொல்லுதேல்லா... அள்ளல. ஆனா வீடு தேடி வாரவங்களுக்கு ஒரு வாய் காப்பி கூடவா குடுக்காம அனுப்ப?”

“தாராளமா குடுங்கக்கா. சேத்துல நிண்டுகிட்டே குடிக்கட்டும்!”