நாலு வீலும் இழுக்குமா

கார் விற்பவர்களுக்குப் பொய் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். தேவையே இல்லை. வாங்க வருகிறவர் பொய்யைத் தானே கொண்டு வருவார். நாம் தலையாட்டினால் போதும். நான் ஏழு வருடம் தலையாட்டினேன். ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்து பொய் சொன்னேன், அதுவும் என் அக்காவின் வீட்டுக்காரரிடம். அதன் பிறகு தூக்கமே இல்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி இல்லை. தூக்கம் வருகிறது, சாப்பாடு இறங்குகிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் வேலை பார்த்த ஷோரூம், தஞ்சாவூரை விட்டுத் திருச்சி நெடுஞ்சாலையில் ஏறியதும் வரும். மலை, மணல், சேறு, எங்கே வேண்டுமானாலும் போகும் என்று சொல்லி விற்கிற பெரிய வண்டிகள். இந்தப் பக்கம் மலை கிடையாது. மணல் ஆற்றில் இருக்கிறது, அங்கே லாரிக்காரர்கள் போவார்கள். மிச்சம் சேறு. அது எங்களிடம் தாராளமாக உண்டு. ஆனால் எங்கள் ஆட்கள் அந்த வண்டியை வாங்குவது சேற்றில் இறக்குவதற்காக இல்லை. இனிமேல் சேற்றில் கால் வைக்க மாட்டேன் என்று ஊருக்குச் சொல்வதற்காக.

ஒரே வண்டி நாலு விலையில், நாலு படிகளாக வரும். கீழ்ப்படிக்குத் துணி இருக்கை, சின்னத் திரை, முரட்டு டயர். பார்த்தால் வேலைக்குப் போகிற வண்டி மாதிரி இருக்கும். ஆனால் அதில் நாலு சக்கரமும் இழுக்கும். கியருக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு குட்டி கியரே உண்டு. மூன்றாம் படிக்குப் போனால் தோல் இருக்கை, இருக்கைக்குள்ளேயே குளிர்காற்று, கூரை முழுக்கக் கண்ணாடி, பதினாறு ஸ்பீக்கர், பளபளக்கும் பெரிய அலாய் வீல். பின் சக்கரம் மட்டும்தான் இழுக்கும். இரண்டும் சேர்ந்து வேண்டுமென்றால் நாலாம் படி, எட்டு மாதம் காத்திருக்க வேண்டும். ஏழு வருடத்தில் கீழ்ப்படி வண்டியை நான் இரண்டே பேருக்குத்தான் விற்றேன். ஒருவர் வனத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் ஏன் வாங்கினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மற்றவர்கள் கேட்பதெல்லாம் வேறு. "கதவ ஒரு தடவ சாத்திக் காட்டுங்க" என்பார்கள்; சத்தம் கனமாக விழ வேண்டும். "வெள்ளைல இருக்குல்ல?" என்பார்கள். ஒருவர் முன்னால் பத்தடி தள்ளி நின்று, நெற்றியைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "எதுத்தாப்புல வர்றவனுக்கு ஒரு பயம் வரணுங்க, வருது" என்று திருப்தியாகச் சொன்னார். கூரைக் கண்ணாடியைத் திறந்து எழுந்து நின்று கும்பிட்டுப் பார்த்த கட்சிக்காரர்கள் உண்டு. சக்கரம் எது இழுக்கிறது என்று யாரும் குனிந்து பார்த்ததில்லை.

பின்கதவில் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் எல்லாருக்கும் முக்கியம். மூன்றாம் படியை வாங்கிக்கொண்டு நாலாம் படியின் எழுத்தை ஒட்டித் தரச் சொல்வார்கள். 'ஃபோர் பை ஃபோர்' என்று வெள்ளி நிறத்தில் வரும் அந்த எழுத்துகளை ஒரு டப்பா நிறைய வைத்திருந்தோம். கொஞ்சம் பசை, ஐந்து நிமிடம். பூஜை போட்டு எலுமிச்சம்பழத்தில் வண்டி ஏறும்போது எழுத்து மின்னும். இது யாரையும் ஏமாற்றுவது ஆகாது என்றுதான் நினைத்தேன். ஒட்டியவனுக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். ஊர்தான் ஏமாறும், ஊருக்கு அது வேண்டும்.

எங்கள் ஊர் பூதலூருக்கு வடக்கே. தாத்தா தலைமுறை வரை அடுத்தவர் வயலில் நடவும் அறுப்பும்தான். அப்பா காலத்தில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலம் சொந்தமானது. நான் இன்ஜினியரிங் படித்துவிட்டுக் கார் விற்கப் போனேன். அக்கா பத்தாவதோடு நின்று, அந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டாள். அவளைக் கட்டிய மாமா சிங்கப்பூரில் பதினோரு வருடம் உழைத்துவிட்டு வந்து, போர்வெல் போடுகிற லாரி இரண்டு வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் தெருவுக்குள் அதுவரை சொந்தக் கார் வந்ததில்லை. ஐப்பசிக்குள் ஒரு பெரிய வண்டி நுழைய வேண்டும் என்று அவருக்கு ஆசை. எனக்கு அவரைவிட ஆசை.

ஷோரூமில் அவரை ராஜா மாதிரி சுற்றிக் காட்டினேன். கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

"இது நாலு வீலும் இழுக்குமா பாப்பா? மழ பேஞ்சா நம்ம ஊரு வழி எப்படி இருக்கும்னு ஒனக்கே தெரியும்ல."

யார்டில் மூன்றாம் படி வெள்ளை வண்டி ஒன்று நாலு மாதமாக வெயிலில் நின்றுகொண்டிருந்தது. மேனேஜர் தினமும் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். எட்டு மாதம் பொறுங்கள் மாமா என்று சொல்லியிருக்கலாம். கீழ்ப்படியை எடுங்கள், நம் ஊருக்கு அதுதான் சரி என்று சொல்லியிருக்கலாம். துணி இருக்கை போட்ட வண்டியில் எங்கள் ஆள் தெருவுக்குள் போவதை என்னால் கற்பனை செய்து பார்க்க முடியவில்லை.

"இழுக்கும் மாமா" என்றேன்.

சேறு என்று படம் போட்ட ஒரு குமிழ் அதில் இருக்கும். திருகினால் திரையில் சேற்றில் வண்டி போகிற படம் வரும். அதையும் திருகிக் காட்டினேன். அன்று மாலையே எழுத்தையும் ஒட்டச் சொன்னேன். மற்றவர்கள் வண்டியில் அது அவர்கள் ஆசைக்கு ஒட்டியது. இதில் என் பொய்க்குச் சாட்சியாக ஒட்டியது. இந்த மனுஷன் எங்கே போய் இதைச் சேற்றில் இறக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகையில் நாலு நாள் விடாமல் மழை. எங்கள் ஊருக்கு வரும் தார்ச்சாலையில் மதகு கட்டுவதற்காகக் குறுக்கே வெட்டிப் போட்டிருந்தார்கள். ஆட்கள் பலகையில் நடந்து தாண்டலாம், வண்டி போகாது. அன்று விடிந்ததும் அக்கா மாட்டுக்குத் தவிடு எடுக்க மூட்டையை நகர்த்தியிருக்கிறாள். விரலில் எறும்பு கடித்த மாதிரி இருந்ததாம். உதறிவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறாள். ஒரு மணி நேரம் கழித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான், மாமா மூட்டையைப் புரட்டிக் கட்டுவிரியனைப் பார்த்திருக்கிறார்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னார்கள். மதகு வரை தூக்கிக்கொண்டு நடந்தால் பத்து நிமிடம்; அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும். மாமா, "வீட்ல வண்டி வச்சுக்கிட்டு நான் ஏன் ஆம்புலன்ஸுக்குக் காத்துக் கெடக்கணும்?" என்று கேட்டிருக்கிறார். அக்காவைப் பின் இருக்கையில் படுக்க வைத்து, வாய்க்கால் கரை வழியாகச் சுற்றிக்கொண்டு சாலைக்கு ஏறிவிடலாம் என்று கிளம்பிவிட்டார். மழைக்காலத்தில் டிராக்டர் தவிர எதுவும் போகாத களிமண் வழி அது. நாலு சக்கரமும் இழுக்கும் என்று நம்பினார்.

ஷோரூமில் காலைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது எனக்கு அழைப்பு வந்தது. வெளியே வந்து எடுத்தேன்.

"பாப்பா, அந்த ஃபோர் வீலு எந்த பட்டன்ல இருக்கு? சீக்கிரம் சொல்லு!"

"என்ன மாமா, எங்க இருக்கீங்க?"

"ஒங்க அக்காவ பாம்பு கடிச்சிருச்சு. வாய்க்கா கரைல வண்டி ஒக்காந்துருச்சு. சேத்துப் படத்துல வச்சுட்டேன், பின்னாடி சக்கரம் சும்மாவே சுத்துது, எறங்கிக்கிட்டே போவுது. முன்னாடி சக்கரம் அசையவே மாட்டேங்குது. எத அமுக்கணும் சொல்லு!"

இன்ஜின் உறுமுவது கேட்டது. நடுவில் வேறொரு சத்தம், மூச்சை இழுத்து இழுத்து விடும் சத்தம். அது அக்கா.

"மாமா, அதுல இல்ல."

"எதுல இல்ல?"

"அந்த வண்டில முன் சக்கரம் இழுக்காது மாமா. பின்னாடி மட்டுந்தான். பட்டன் எதுவும் கெடையாது."

"பின்னாடி எழுதியிருக்கே பாப்பா!" என்று கத்தினார். அதற்குப் பிறகும் அவர் நம்பினார். நான் ஏதோ மறந்துவிட்டேன், யோசித்தால் நினைவுக்கு வரும் என்று நினைத்தார்.

"அது நான் ஒட்டச் சொன்னது மாமா. நான் ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். அக்காவத் தூக்கிக்கிட்டு மதகுக்குப் போங்க, நான் ஆம்புலன்ஸ் சொல்றேன், எறங்குங்க மாமா, எறங்கித் தூக்குங்க!"

கதவு திறக்கும் சத்தம் வந்தது. பிறகு தொடர்பு அறுந்தது.

ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். வழி சொல்லத் தெரியாமல் உளறினேன், திரும்பச் சொன்னேன். மாமாவுக்குப் போட்டேன், எடுக்கவில்லை. முப்பது தடவை போட்டிருப்பேன். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மழையில் மருத்துவக் கல்லூரிக்குப் போய், அவசரப் பிரிவு வாசலில் நின்றேன். வருகிற ஒவ்வொரு ஆம்புலன்ஸின் பின்கதவும் திறக்கும்போது எட்டிப் பார்த்தேன். யாரோ ஒரு கிழவர் இறங்கினார். பிறகு பிரசவத்துக்கு ஒரு பெண். கடவுளே, அடுத்தது அவளாக இருக்கட்டும் என்று வேண்டினேன். உடனேயே, அவள் எப்படி வருகிறாளோ என்ற பயத்தில் வேண்டாம் என்று வேண்டினேன். தரை கூட்டுகிற அம்மா என்னைப் பார்த்து, "ஓரமா ஒக்காரும்மா, விழுந்துடப் போற" என்றார். உட்கார்ந்தால் அக்கா செத்துப் போவாள் என்று எனக்குத் தோன்றியது. நின்றுகொண்டே இருந்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தாள். இமை இரண்டும் மூடிக்கிடந்தன. கை தொங்கியது. வாயோரம் நுரை. பக்கத்து வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள்தான் ஓடிவந்து, அவளை ஒரு தார்ப்பாயில் கிடத்தி, மதகு வரை சேற்றில் தூக்கிவந்திருக்கிறார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போதே மூச்சு நின்று நின்று வந்ததாம். உள்ளே கொண்டுபோய்த் தொண்டையில் குழாய் விட்டு மிஷினில் போட்டார்கள். டாக்டர், "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

மாமா இடுப்பு வரை சேற்றோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். காலில் விழுந்தேன். காலை இழுத்துக்கொண்டார்.

"அன்னிக்கே நீ இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் அதே வண்டியத்தான் வாங்கியிருப்பேன் பாப்பா. வாங்கிட்டு, இன்னிக்குக் காலைல அதத் தொடாம இவளத் தூக்கிட்டு ஓடியிருப்பேன்" என்றார். அதற்குப் பிறகு நாலு நாள் என்னிடம் பேசவில்லை.

அந்த நாலு நாளும் அக்கா அசையவில்லை. உள்ளே விடும் பத்து நிமிடத்தில் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மன்னித்துக்கொள் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கேட்காதவளிடம் சொல்லி என்ன பயன் என்று இருந்தேன். உண்மை என்னவென்றால், அவள் பிழைத்தால் நான் பொய் சொன்ன கதை அவளுக்குத் தெரியாமலே போகட்டும் என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டேன். மாமா சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். இப்போது நினைத்தால் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஐந்தாம் நாள் இமை துடித்தது. ஏழாம் நாள் குழாயை எடுத்தார்கள். அடுத்த நாள் கஞ்சி கொண்டுபோனேன். குரல் உடைந்து, காற்றாகத்தான் வந்தது.

"நான் மயக்கத்துல இல்லடி. எனக்கு எல்லாம் கேட்டுச்சு" என்றாள்.

பக்கத்தில் நின்ற நர்ஸ், "இந்தக் கடிக்கு அப்படித்தாங்க. கண்ணு தொறக்க முடியாது, வாய் பேச முடியாது. ஆனா அறிவு இருக்கும்" என்றார். காரில் போன் பேசினால் அது பதினாறு ஸ்பீக்கரிலும் கேட்கும். அதைச் சொல்லித்தான் நான் எத்தனையோ வண்டி விற்றேன்.

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். பொய் சொல்லிவிட்டேன் அக்கா, மாமாவை ஏமாற்றிவிட்டேன் என்று என்னென்னவோ சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டாள். கோபமே இல்லாமல் என்னைப் பார்த்தாள்.

"அவர ஏமாத்துனது இருக்கட்டும். அன்னிக்குக் கடைல நானுந்தான் ஒக்காந்திருந்தேன். தெனம் சேத்துல எறங்கி ஏறுறவ நான். அந்த மொரட்டு டயர் வண்டிதான் நமக்குன்னு நான் பாத்ததுமே நெனச்சேன். ஒனக்கு எது வேணும்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா நீ?"

கேட்கவில்லை. அன்று அவளும் வந்திருந்தாள். இதை எழுதும்போதுகூட, ஷோரூமில் மாமாவை ராஜா மாதிரி சுற்றிக் காட்டியது வரைக்கும் நினைவிருந்தது. அக்காவை எங்கே உட்கார வைத்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.