ஐஸ் அறையில் ஒத்திகை

தை மாதக் கடைசியில் சோழவரத்துக்கு மோட்டார் பந்தயம் பார்க்கப் போன என் வீட்டுக்காரர், யாரோ போட்டுவிட்டுப் போன ஓர் ஆங்கிலப் பத்திரிகையோடு திரும்பி வந்தார். அதில் ஒரு படம். சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் பலகை வைத்த வண்டி ஒன்று வெள்ளை மலையில் பனியைக் கிழித்துக்கொண்டு போகிறது. அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். அந்த மாதிரி வண்டிக்கு நாம் எங்கே போவது? அதனால் தன் பழைய மோட்டார் சைக்கிளிலேயே இமயமலைக்குப் போய்ப் பனியில் ஓட்டிவிட்டு வருவது என்று முடிவு செய்துவிட்டார். சித்திரையில் பனி இளகி மலைப்பாதை திறக்கும் என்று பந்தயத்துக்கு வந்த ஒருவர் சொன்னாராம்.

வீட்டுக்காரர் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். கூட வேலை பார்த்த சிநேகிதருக்குத்தான் பின்சீட்டு என்று பேச்சு. சாயங்காலமானால் இருவரும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து திட்டம் போடுவார்கள். நான் டீ போடுவேன். எந்த ஊரில் தங்குவது, எங்கே பெட்ரோல் கிடைக்கும், லீவுக்கு என்ன பொய் சொல்வது, எல்லாம் பேசினார்கள். என்னைப் பற்றிப் பேச்சே எழவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு நான் பார்த்த ஒரே வெளியூர் திருத்தணி. அந்தப் பின்சீட்டு எனக்கு வேண்டும் என்று ஒருநாள் வாய்விட்டே சொன்னேன். பொம்பளை குளிர் தாங்கமாட்டாள் என்றார் சிநேகிதர். இவர் இன்னொரு டீ கேட்டார்.

பழவேற்காட்டில் என் அண்ணனுக்கு மீன்பிடித் தொழில். பனியில் டயர் வழுக்காமலிருக்க வலைக்கயிற்றைச் சுற்றலாம் என்று அண்ணன் யோசனை சொன்னார். ஏரிக்கரைச் சேற்றில் ஓட்டிப் பார்த்தார்கள், வண்டி போயிற்று. சேற்றில் போனது பனியில் போகாதா என்று எல்லோருக்கும் ஒரே குஷி. பாக்கி இருந்தது குளிர். அதற்கும் அண்ணனே வழி கண்டுபிடித்தார். மீனுக்கு ஐஸ் போடும் கம்பெனியில் பாளங்களை அடுக்கி வைக்கும் அறை ஒன்று உண்டு. அதில் அரை மணி நேரம் நின்றுவிட்டால் மலையிலும் நிற்கலாம் என்பது அவர்கள் கணக்கு.

சிநேகிதருக்கு அன்றைக்கு ஷிஃப்ட். அண்ணன் வீட்டுக்கு என்று சொல்லி நான் வண்டியில் தொற்றிக்கொண்டேன். இவர் இரவல் கோட்டும் குல்லாயுமாக ஐஸ் அறைக்குள் நுழைய, நானும் பின்னாலேயே நுழைந்துவிட்டேன். மேலிருந்து சொட்டிய தண்ணீரில் இருவரும் தொப்பலாக நனைந்தோம். பல் தந்தியடித்தது. ஆனாலும் நின்றோம். வெளியே வந்ததும் மலையையே ஜெயித்தவர் மாதிரி இவர் சிரித்தார். ஈரத்தோடு கிளம்ப வேண்டாம், துணி மாற்றிக்கொண்டு போங்கள் என்று அண்ணன் சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை.

பொன்னேரிச் சாலையில் வண்டி வேகமெடுத்த பிறகுதான் எல்லோரும் மறந்துபோன சங்கதி தெரிந்தது. ஐஸ் அறையில் காற்று கிடையாது. கடல்காற்று ஈரக் கோட்டில் அடிக்க அடிக்க அவருக்கு உடம்பு உதறியது. விரல் மரத்துப்போய் பிரேக்கைப் பிடிக்க முடியவில்லை. அவர் முதுகு மறைத்ததால் எனக்கு அவ்வளவு இல்லை. எப்படியோ வண்டியை ஓரம் கட்டினார். நான் அவர் கைகளைப் பிடித்துச் சூடு வரத் தேய்த்தேன்.

"பின்னாடி நீதாம்மே குந்தணும். நீ இல்லாம ஆவாது," என்றார்.

நான் ஏங்கிக்கொண்டிருந்தது அந்த வார்த்தைக்குத்தான். ஆனால் கேட்டதும் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

"உனுக்குக் குளிருதுன்னு நான் வரணுமா? நான் இன்னா உன் ஸ்வெட்டரா? எனுக்கு அந்த மலைய பாக்கணும்யா. அதுக்கோசரம் இட்டுகினு போறதுன்னா இட்டுகினு போ."

அவர் தூரத்து உப்பளங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அங்க உனுக்கு இன்னா பாக்கணும்?"

அதுவரை யாரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அப்பா கேட்டதில்லை, அண்ணன் கேட்டதில்லை.

"பனி மேலேர்ந்து மழையாட்டம் வுழுதாமே. அது வுழறப்போ சத்தம் கேக்குமா, கேக்காதா?"

ஒரு மாதமாகத் திட்டம் போட்ட மனுஷர் ஈரக் குல்லாயைக் கழற்றிப் பிழிந்தார்.

"எனுக்கும் தெரியாது," என்றார். "ரெண்டு பேரும் போய்க் கேப்போம்."

வீடு வந்து சேரும்வரை நான் அவர் முதுகில் முகத்தை வைத்து அழுதுகொண்டே வந்தேன். எல்லாம் சந்தோஷத்தில்தான்.