வெள்ளைப் பலகையில் ஒரு மாமனார்

அந்த ஆபீஸில் டீச்சரம்மா என்றால்தான் அவளைத் தெரியும். இத்தனைக்கும் அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்தவள் இல்லை. ஃப்ரிட்ஜும் வாஷிங் மிஷினும் பழுது பார்க்கிற கம்பெனியில், போன் எடுக்கும் பெண்களுக்கு சூப்பர்வைசர். யாராவது ஒரு இங்கிலீஷ் வார்த்தையை இடம் மாற்றிப் போட்டுவிட்டால் போதும், கையிலிருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டுத் திருத்த வந்துவிடுவாள். அப்படி வந்த பட்டம் அது.

திருத்துகிற புத்தி அவளுக்குப் பிறவியில் வந்ததல்ல. கல்லூரி விடுதிக்குப் போன புதிதில், "நேத்து அப்பா வந்தாரு, ஹோட்டலுக்குப் போனோம்" என்று வாய் நிறையச் சிரிப்போடு சொன்னாள்.

"எத்தனை நாள் தங்கினீங்க?" என்றாள் பக்கத்துக் கட்டில்காரி.

"தங்கலையே, சாப்பிட்டுட்டு வந்தோம்."

"அதுக்குப் பேரு ரெஸ்டாரன்ட்டும்மா."

அறையே சிரித்தது. அவளும் கூடச் சிரித்துவிட்டு, குழாயைத் திறந்துவைத்து வெகுநேரம் முகம் கழுவினாள். அதற்கப்புறம் அகராதியும் கையுமாக அலைந்து, ஒவ்வொரு வார்த்தையும் பிறந்த ஊரில் என்ன அர்த்தத்தில் புழங்குகிறது என்று தெரிந்துகொண்டாள். தன்னைப் பார்த்து இனி ஒருத்தரும் சிரிக்கக்கூடாது என்பதுதான் முதலில் இருந்த எண்ணம். தான் மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தது எப்போது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். நண்பர்களோடு போன் பேசுவதென்றால் மாடிப்படிக்குப் போய்விடுவார். "டவர் கிடைக்கல" என்பார். டவர் கிடைக்காமல் இல்லை.

போன் அறையில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. எந்த மெக்கானிக் எந்தப் பக்கம் போகிறார் என்று எழுதுவதற்காக மாட்டியது. அதன் வலது ஓரத்தை டீச்சரம்மா தன்வசம் எடுத்துக்கொண்டாள். போன் பண்ணுகிறவர்கள் உதிர்க்கும் வார்த்தைகளை அங்கே எழுதி, பக்கத்தில் படமும் போடுவாள். நன்றாகவே வரைவாள். கணவர் அவுட் ஆஃப் ஸ்டேஷன் என்று ஒரு அம்மாள் சொன்னதற்கு, ரயில் நிலையத்துக்கு வெளியே பெட்டியும் கையுமாக முழித்துக்கொண்டு நிற்கும் ஒரு தொப்பைக்காரர். ஒரு டவுட் கேக்கணும் என்ற பெரியவருக்கு, பூதக்கண்ணாடி பிடித்த துப்பறிவாளர் வேஷம். சாயங்காலம் மெக்கானிக்குகள் பையைக் கொண்டுவந்து வைக்கும்போது பலகைக்கு முன்னால் ஒரு சின்னக் கூட்டமே நிற்கும்.

அந்தக் கூட்டத்தில் உரக்கச் சிரிப்பவன் நெட்டையன். ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கதவு நிலையில் தலையை இடித்துக்கொள்ளாமல் அவன் உள்ளே வந்த நாளே கிடையாது. "டீச்சரம்மா, இன்னிக்கு யாரு மாட்டினா?" என்று கேட்டுக்கொண்டேதான் வருவான்.

ஒருநாள் ஒரு பெண் போன் செய்தாள். வாரண்டி மாமனார் பேரில் இருக்கிறதாம், மாமனார் போன மாதம் எக்ஸ்பயர் ஆகிவிட்டாராம், இனி யார் பேருக்கு மாற்றுவது என்று கேட்டாள். டீச்சரம்மா பொறுமையாக வழி சொல்லி, போனை வைத்துவிட்டு அறையைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாரண்டி எக்ஸ்பயர் ஆகும். மாத்திரை எக்ஸ்பயர் ஆகும். மாமனார் எப்படிடீ ஆவாரு?"

பெண்கள் மேஜையில் கவிழ்ந்து சிரித்தார்கள். பலகையில் ஒரு மாத்திரை அட்டை எழுந்தது. அதற்குப் பெரிய மீசை, மூடிய கண்கள். சாயங்காலம் அதைப் பார்த்த நெட்டையனுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. பேனாவை வாங்கி அட்டைக்குக் கீழே அவனே எழுதினான்: குளிர்ந்த இடத்தில் வைக்கவும்.

"பலே!" என்றாள் டீச்சரம்மா. அந்தப் படத்தை மட்டும் அழிக்க யாருக்கும் மனசு வரவில்லை. வாரக்கணக்கில் இருந்தது.

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும்போது மெக்கானிக்குகளின் போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுவது அங்கே வழக்கம். அவள் பேசப் பேச, பெண்கள் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். அன்று நெட்டையனின் முறை வந்தது.

"என்னப்பா, இன்னும் கிளம்பலையா?"

"இன்னிக்கு வரமுடியாது மேடம்."

"ஏன்? உடம்புக்கு என்ன?"

"எனக்கில்ல மேடம். அம்மா..." நின்றுவிட்டான். "அம்மா வந்து..."

"அம்மாவுக்கு என்ன? தெளிவாச் சொல்லு. லைன்ல நாலு பேரு காத்திருக்காங்க."

எதிர்ப்பக்கம் யாரோ பெரிதாக அழும் சத்தம் கேட்டது. அவன் மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னான்:

"அம்மா விடியக்காலைல... மேடம், அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல மேடம்."

அறையில் ஒருத்தியும் எழுதவில்லை. கடைசி மேஜைப் பெண்ணின் கண் பலகைக்குப் போய், சட்டென்று கீழே இறங்கியது. செத்துப்போனாள் என்று பெற்றவளைச் சொல்ல எவனுக்கும் நாக்கு எழாது. தவறிட்டாங்க என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவன் வயதுக்காரர்களின் வாயில் அந்த இடத்துக்கு வருவது அந்த இங்கிலீஷ் வார்த்தைதான். மருந்துக் கடையில் அதற்கு என்ன அர்த்தமோ, துக்க வீட்டில் அது மெதுவாகச் சொல்வதற்கான ஒரு வழி. அகராதியைக் கரைத்துக் குடித்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். அவளுடைய மாமியார் போனபோது வீட்டுக்காரர் எல்லோருக்கும் அப்படித்தான் சொன்னார். இவள் அவரை அறைக்குள் கூப்பிட்டுத் திருத்தினாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்பா. நான் பாத்துக்கறேன்" என்று போனை வைத்தாள். எழுந்துபோய்க் கையாலேயே பலகையைத் தேய்த்தாள். பழைய மை, லேசில் போகவில்லை. "விடுங்க மேடம், நான் துடைக்கிறேன்" என்று ஒரு பெண் எழுந்து வந்தாள். அந்தக் குரலில் இருந்த இரக்கத்தை டீச்சரம்மாவால் தாங்கமுடியவில்லை.

மதியம் எல்லோரும் அவன் வீட்டுக்குப் போனார்கள். தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகள். உள்ளே ஐஸ் பெட்டிக்குள் அந்த அம்மாள், பெட்டிக்கடியில் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. நெட்டையன் எழுந்து வந்து தன் அக்காவிடம், "எங்க ஆபீஸ் மேடம். எல்லா வார்த்தையும் கரெக்டா பேசுவாங்க" என்றான். குத்தலே இல்லை, பெருமையாகத்தான் சொன்னான். அந்த அக்கா, ராத்திரி நடந்ததைச் சொல்ல வாயெடுத்தவள், "அட்டாக்னு டாக்டர்..." என்று தயங்கி, தம்பி முகத்தைப் பார்த்துவிட்டு, "நெஞ்சு வலிங்க" என்று முடித்துக்கொண்டாள். டீச்சரம்மா அவள் கையைப் பிடித்தபடி நின்றாள். பெட்டியின் பக்கம் அவள் பார்க்கவேயில்லை. அவனும் பார்க்கவில்லை.

துக்கம் முடிந்து அவன் வேலைக்குத் திரும்பிய அன்று, மற்றவர்கள் டீ குடிக்கப் போகும்வரை காத்திருந்து கூப்பிட்டாள்.

"தம்பி, அந்தப் படம்... நான் அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சிரு."

"ஐயோ, நீங்க என்ன பண்ணீங்க மேடம்? நானும்தானே சிரிச்சேன்."

"இல்லப்பா..."

"ஐஸ் பெட்டியை இறக்கினாங்கல்ல மேடம்," என்றான் அவன், பையின் வாரை முறுக்கிக்கொண்டே. "ஒயரை நான்தான் சொருகினேன். கூலிங் சரியா இருக்கான்னு உள்ள கை வச்சுப் பாத்தேன். அப்ப, நான் பலகையில எழுதினது ஞாபகம் வந்திருச்சு. சிரிப்பு வந்துருமோன்னு ஒரே பயம். அழுகை வரவேண்டிய நேரம், பல்லைக் கடிச்சிக்கிட்டு நின்னேன். எங்கக்கா இன்னும் கேக்குது, நீ ஏன்டா அம்மாவுக்கு அழவே இல்லைன்னு."

டீச்சரம்மா வாயைத் திறந்தாள். அவன் காத்திருந்தான், இவ்வளவு படித்தவள் ஏதாவது சொல்வாள் என்பதுபோல.

"எந்தப் பக்கம் மேடம் இன்னிக்கு?" என்றான் கடைசியில்.

அவள் முகவரியைக் கொடுத்தாள். அவன் மரியாதையாக வாங்கிக்கொண்டு, நிலைக்குத் தலையைக் குனிந்து, கவனமாக வெளியே போனான்.