சவுக்கடி வேலை கேட்டு வந்தவன்

இது நடந்தது. அன்று கில்டார்னி நகரசபைக் கூட்டத்தில் இருந்தவர்கள் குடித்திருந்தார்கள் என்று சிலர் சொல்வார்கள். குடித்திருந்தார்கள்தான். நான் குடிக்கவில்லை. சபைச் சேவகனுக்கு அங்கே ஒரு சொட்டு பீர்கூடக் கிடைக்காது.

டிசம்பர் மாதம். எங்கள் ஸ்காட்லாந்துக் கரையில் அப்போதெல்லாம் மூன்றரை மணிக்கே இருட்டிவிடும். மெழுகுவர்த்திகளை ஏற்றினேன். மாடிக் கூட்ட அறையின் கதவை உள்ளே தாழிட்டு, பக்கத்தில் நின்றேன். கீழே சிறை. அறைக்கு அந்த ஒரு கதவுதான்.

முதலில் பன்றி விவகாரம். தெருவில் திரிகிற பன்றிகளைப் பிடித்து அடைக்க வேண்டும் என்றார் தலைவர் ஹெப்பர்ன்.

"முதல்ல உங்க பன்றியப் பிடிங்க தலைவரே. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குள்ளயே வந்துருச்சு," என்றார் நீதிபதி ராங்கின்.

"அதுக்காவது சர்ச்சுக்கு வழி தெரியுது. உமக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்தது சவுக்குக்காரன் விவகாரம். குற்றவாளிகளை அடிக்கச் சபை வைத்திருந்த ஆள் ஊரைவிட்டே ஓடிவிட்டான். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் சந்தை. துணி திருடியதாக நான் பிடித்து இழுத்துவந்த எல்ஸ்பெத் என்ற வெளியூர்ப் பெண்ணைத் தெருத்தெருவாக இழுத்துப்போய் அடிக்க வேண்டும். அது ராங்கின் விதித்த தண்டனை.

"அடிக்க ஆளில்லேன்னா விட்டுடலாமேய்யா," என்றார் ஹெப்பர்ன்.

"விட்டா ஊரே திருடும். ஆள் கிடைப்பான்."

"நான் அடிக்கிறேன்."

குரல் மேசையின் கோடியிலிருந்து வந்தது. அங்கே ஒருவன் நின்றிருந்தான். சட்டை முதுகோடு ஈரமாக ஒட்டியிருந்தது. வெளியே மழையே இல்லை...

நான் கதவைப் பார்த்தேன். போட்ட தாழ் போட்டபடி இருந்தது.

"முன்ன அடிச்சிருக்கியா?" என்றார் ராங்கின்.

"பட்டிருக்கேன்."

ராங்கின் வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்ப வேலை தெரிஞ்சவன்தான். அந்தச் சவுக்க எடு. பெஞ்சுல ஒண்ணு போட்டுக் காட்டு."

அவன் சுவரிலிருந்த சவுக்கை எடுத்தான். ஓங்கினான்.

படீர்!

அடி பெஞ்சில்தான் விழுந்தது. என் கண்ணால் பார்த்தேன். அலறியது ராங்கின்.

படீர்!

ராங்கின் மேசைமேல் கவிழ்ந்தார். கோப்பைகள் உருண்டு உடைந்தன. அவர் கோட்டுக்கு அடியிலிருந்து ரத்தம் வழிந்து நாற்காலியை நனைத்தது.

"பிடிடா அவன!" என்று கத்தினார் ஹெப்பர்ன்.

பாய்ந்து அவன் முதுகைக் கட்டிப் பிடித்தேன்... என் விரல்கள் உள்ளே புதைந்தன. சட்டைக்குள் தோல் இல்லை. எலும்பு தட்டுப்பட்டது. பனிக்கட்டி மாதிரி இருந்தது.

மெழுகுவர்த்திகள் அணைந்தன.

படீர்... படீர்...

ராங்கின் கெஞ்சினார்.

படீர்...

பிறகு கெஞ்சவில்லை.

மறுபடி விளக்கேற்றியபோது சவுக்கு சுவரில் தொங்கியது. அவன் இல்லை. தாழ் போட்டபடி இருந்தது. ராங்கின் தரையில் பிணமாகக் கிடந்தார்.

வைத்தியர் வந்து கோட்டைக் கழற்றினார். கோட்டில் ஒரு கிழிசல் இல்லை. சட்டையிலும் இல்லை. முதுகு மட்டும் கந்தலாக இருந்தது. வைத்தியர் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இது இன்னிக்குப் பட்ட அடி இல்ல. சீழ் பிடிச்சு வாரக்கணக்காச்சு."

காலையில் எல்ஸ்பெத்தை விட்டுவிடச் சொல்லி ஹெப்பர்ன் என்னை அனுப்பினார். மேலே நடந்தது எதையும் அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. சிறைக் கதவைத் திறந்தேன். அவள் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அந்த ஆளு வரலையா?"

"எந்த ஆளு?"

"நேத்து மத்தியானம் பூரா இங்கதான் உக்காந்திருந்தாரு. சட்டையெல்லாம் ஈரம். உனக்குத் தண்டனை குடுத்தது யாருன்னு கேட்டாரு. ராங்கின் ஐயான்னு சொன்னேன்."

நான் திரும்பி எனக்குப் பின்னாலிருந்த படிக்கட்டைப் பார்த்தேன்.

"உன்னப் பிடிச்சு இழுத்துட்டு வந்தது யாருன்னும் கேட்டாரு. உங்க பேரு எனக்குத் தெரியாதே... அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு."