முப்பது மீட்டர்

எங்கள் கல்லூரி ஹாக்கி அணியில் நடுக்களத்தில் நின்று ஆடும் சென்டர் ஹாஃப் ஓடமாட்டாள். இரண்டு வருடமாக என் குறிப்பேட்டில் இதைக் குறையாகத்தான் எழுதி வந்தேன். நான் அந்தக் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர். ஸ்டாப்வாட்சைக் கழற்றிவிட்டுத் தூங்குவேனா என்று மாணவிகள் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். கண் ஆளுக்குத் தகுந்தபடி மாறும், கடிகாரம் மாறாது என்பது என் கட்சி.

அவளுக்கு இடைசெவல் பக்கத்தில் ஒரு கிராமம். ஆடிப் பழகியது கரிசல் தரையில். கோடையில் தரை வெடித்துக் கிடக்கும். பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது. மட்டைக்கு வந்த பந்திலிருந்து கண்ணை எடுத்தால் பந்து போய்விடும். அதனால் பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி, யார் யார் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்வாள். வந்ததும் ஒரே தட்டு. ஆளில்லாத இடத்துக்குப் பந்து போகும். எங்கள் ஆள் அப்போதுதான் அங்கே போய்ச் சேர்வாள். இவள் நின்ற இடத்திலேயே நிற்பாள். ஓடுவதெல்லாம் எதிரணிக்காரிகள்தான்.

அவளுடைய கடைசி வருடத்தில், வெளியூர் அலுவலக அணி ஒன்று கோவில்பட்டிக்கு ஆள் எடுக்க வருவதாகத் தகவல் வந்தது. தேர்வானால் வேலை. காலையில் உடல்திறன் சோதனை, மாலையில் ஆட்டம். முப்பது மீட்டரை ஐந்து விநாடிக்குள் ஓடாதவர்களுக்கு மாலை ஆட்டமே கிடையாது. அவளை ஓடவிட்டுப் பார்த்தேன். ஐந்தே கால் விநாடி.

அவளுடைய அம்மா தீப்பெட்டி ஆபீஸில் நாள் முழுக்க உட்கார்ந்து குச்சி அடுக்குபவர். ஒருநாள் கல்லூரிக்கு வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்று பேசினார்.

"இந்த வேல மட்டும் அமைஞ்சிட்டுன்னா நான் ஆபீசுக்குப் போறத நிப்பாட்டிருவேன் டீச்சர். இடுப்பு தாங்க மாட்டேங்கு. அவகிட்ட சொல்லிராதீங்க, பயந்துருவா."

நான் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவளை விரட்ட ஆரம்பித்தேன்.

நான்கு மாதம். முதல் பஸ்ஸில் வந்து இறங்குவாள். மட்டையை என் அறையில் வைத்துப் பூட்டிவிடுவேன். அது கையில் இருந்தால் நின்றுவிடுவாள் என்று எனக்கு எண்ணம். கணுக்கால் பிசகிவிடக்கூடாது என்று ஆட்டங்களுக்கும் அனுப்பவில்லை. விசில் அடித்தால் ஓட வேண்டும், தாண்ட வேண்டும், திரும்ப ஓட வேண்டும். மழை பெய்த மறுநாள் ஷூவில் அப்பிய கரிசல் மண்ணோடும் ஓடவைத்தேன். யோசிக்காதே, ஓடு என்று தொண்டை கட்டும்வரை கத்தியிருக்கிறேன். அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

சோதனையில் ஐந்துக்குக் கீழே வந்தாள். தாண்டுவதிலும் முதல் மூன்று பேரில் ஒருத்தி. தேர்வாளர் ஒருவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மதியச் சாப்பாட்டை நான் ருசித்துச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாலை ஆட்டம் செயற்கைப் புல்தரையில். நடுவில் முதல் பந்து அவளிடம் வந்தது. இடது ஓரத்தில் ஒருத்தி தனியாக நின்று கையைத் தூக்கிக் கேட்டாள். இவள் பந்தோடு ஓடினாள். இரண்டு பேரைத் தாண்டினாள், மூன்றாவது ஆள் பிடுங்கிக்கொண்டாள். அடுத்த பந்துக்கும் அதே கதை. பந்து வருமுன் அவள் தலை ஒருதடவைகூடத் திரும்பவில்லை.

இடைவேளையில் வியர்வை ஒழுகச் சிரித்துக்கொண்டு வந்தாள். "ஓட்டத்தப் பாத்தீங்களா மேடம்?"

பார்த்தேன் என்றேன். பழையபடி நின்று ஆடு என்றும் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனவள், இரண்டாம் பாதி முழுக்க ஓடினாள்.

பட்டியலில் அவள் பெயர் இல்லை. தேர்வாளர் மரியாதையாகத்தான் பேசினார். ஓடுகிறவர்கள் தங்கள் அணியில் ஏற்கெனவே இருக்கிறார்களாம். நடுவில் நின்று பந்தைப் பிரித்துக் கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டதாம். அப்படி ஒருத்தி இந்தப் பக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டாராம். நான் கழுத்திலிருந்த கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். வெட்கமாக இருந்தது.

பஸ் நிறுத்தத்தில் அவள் அழவில்லை. "நிக்கச் சொன்னீங்க, காதுல விழுந்துச்சு. பந்து வந்ததும் கால் தானா ஓடுது மேடம். எப்படி நிக்கன்னு தெரியல." பஸ் வருவதைப் பார்த்ததும், "அம்மாட்ட நீங்களே சொல்லிருதீங்களா?" என்றாள்.

மறுநாள் காலை அவர்கள் ஊருக்குப் போனேன். தீப்பெட்டி ஆபீஸ் வேனுக்காக அந்த அம்மா ரோட்டோரம் நின்றிருந்தார். நடந்ததைச் சொன்னேன், தவறு என்னுடையது என்றும் சொன்னேன். அதற்குள் வேன் வந்துவிட்டது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் சாப்பாட்டுத் தூக்கோடு ஏறினார்.

"அவ நல்லா ஓடுனாளா டீச்சர்?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

நன்றாக ஓடினாள் என்றேன்.